மறு: நிலத்தின் நடுவே ஒற்றை ஹாத்தார்ன் மரம், வெட்டலாமா?

வணக்கம்ங்க. கிளேர் கவுண்டியில் நீங்கள் வாங்கிய நிலத்தின் நடுவே நிற்கும் ஹாத்தார்ன் முள்மரத்தை வெட்ட வந்தவர், மரத்தைப் பார்த்ததும் மறுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவரைக் கோபிக்காதீர்கள். அயர்லாந்துக் கிராமங்களில் தன்னந்தனியாக நிற்கும் ஹாத்தார்ன் தேவதைகளுக்குச் சொந்தம் என்பது நம்பிக்கை. வெட்டினால் வீட்டில் நோய் வரும், மாடு சாகும் என்ற பயம் இன்னும் போகவில்லை. அதன் பூவைக்கூட வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். உங்கள் கிளேரிலேயே, லாட்டூனில், 1999இல் இப்படியொரு மரத்துக்காகக் கதைசொல்லி எடி லெனிஹன் குரல்கொடுக்க, நெடுஞ்சாலைத் திட்டத்தையே மாற்றி மரத்தை விட்டுவைத்தார்கள்!

வெட்டாதீர்கள் என்பதே என் யோசனை. டிராக்டர் சுற்றிப் போகட்டும், கொஞ்சம் புல்தானே நஷ்டம். மரத்தைச் சுற்றி வட்டமாக மண்கரை தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அது ரிங்ஃபோர்ட்டாக, அதாவது வட்டமான மண்கரை சூழ்ந்த பழங்காலக் குடியிருப்பாக இருக்கலாம்; அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, விசாரிக்காமல் மண்ணைத் தொடவேண்டாம்.