மார்ஃபினும் வெள்ளை அணுவும்: வாசகர் கேள்விகள்

அப்பாவுக்குப் புற்றுநோய். வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். ‘எதிர்ப்பு சக்தி போயிரும், கொடுக்காதே’ என்கிறார் பெரியப்பா. நிறுத்திவிடலாமா?
(அம்பாசமுத்திரம் வாசகி)

நிறுத்த வேண்டாம்மா. பெரியப்பா சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. நரம்புகளில் மார்ஃபின் போய் உட்காரும் புரதங்களான ஓபியாய்டு ஏற்பிகள் வெள்ளை அணுக்களிலும் இருக்கின்றன, அளவில் மிகக் குறைவாக. மார்ஃபின் சில வெள்ளை அணுக்களின் வேகத்தைக் குறைப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ராத்திரி முழுக்கத் தூங்காமல் வலியில் துடிப்பவருக்கும் எதிர்ப்பு சக்தி இறங்கத்தான் செய்யும். அப்பா தூங்கட்டும். எனக்குக் கவலை மலச்சிக்கல்தான். முதல் நாளிலேயே மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மார்ஃபின் உட்காரும் இடத்தில்தானே அதை முறிக்கும் மருந்தான நலோக்சோனும் உட்காருகிறது? அப்புறம் ஏன் எதிர் வேலை செய்கிறது?
(பி.ஃபார்ம் மாணவர், சேரன்மகாதேவி)

பத்தமடை உங்களுக்குப் பக்கம்தானே? பாய்த்தறியில் பாவு நூலுக்கு மேலும் கீழுமாகக் கோரை நுழைந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஏற்பியும் அதுபோலத்தான்: ஒரே புரதச் சங்கிலி செல் சவ்வை ஏழு முறை ஊடுருவிப் போய் வருகிறது. நடுவில், வெளிப்பக்கம் பார்த்த ஒரு குழி. 2012-இல் மார்ஃபின் முக்கியமாக உட்காரும் மியூ வகை ஓபியாய்டு ஏற்பியின் படிக அமைப்பு வெளியானபோது அந்தக் குழி எவ்வளவு அகலத் திறந்திருக்கிறது என்று தெரிந்தது. குழிக்குள் எதிர்மின்சுமையோடு ஓர் அஸ்பார்ட்டிக் அமிலம் (அந்தப் புரதச் சங்கிலியின் ஒரு கண்ணி); மார்ஃபினின் நைட்ரஜனில் நேர்மின்சுமை. இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. உடனே ஏற்பியின் உட்பக்கம் விலகி செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி புரதத்தைத் தூண்டுகிறது. அதனால் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு குறைகிறது. நலோக்சோனின் நைட்ரஜனில், மார்ஃபினில் இருக்கும் மெதில் என்ற சின்ன அணுத்தொகுதிக்குப் பதில் அல்லைல் தொகுதி. அதுவும் குழியில் உட்காரும், ஆனால் அந்த விலகல் நடக்காது. இடத்தையும் விடாது. மனித டி செல்களில் (ஒருவகை வெள்ளை அணு) ஏற்பி இருக்கலாம் என்று 1979-இல் காட்டியதும் இந்த நலோக்சோனை வைத்துத்தான்: மார்ஃபின் செய்த மாற்றத்தை அது தடுத்துவிட்டது.

மார்ஃபின் ஊசி போட்டதும் உடம்பு அரித்தது. அலர்ஜியா? (தென்காசி)

பெரும்பாலும் இல்லை. தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற அணுக்கள் ஹிஸ்டமின் என்ற அரிப்பூட்டும் பொருளைக் கொட்டுவதால் வரும் அரிப்பு அது. முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ மட்டும் உடனே ஆஸ்பத்திரி.

பனையிலிருந்து சறுக்கி முழங்கால் வீங்கிப்போச்சு. மாத்திரை போடலை. மூணாம் நாள் வலி தானா குறைஞ்சிட்டுது, எப்படி? (திசையன்விளை)

உங்கள் வெள்ளை அணுக்களுக்கும் அதில் பங்கு உண்டு அண்ணாச்சி. வீங்கிய இடத்தில் வந்து கூடும் அணுக்கள் பீட்டா எண்டார்ஃபின் என்ற, உடம்பே செய்யும் மார்ஃபின் மாதிரியான பொருளைச் சுரக்கும். அது அங்குள்ள நரம்பு முனை ஏற்பிகளில் போய் உட்காரும். முழங்கால் அறுவை முடிந்தவர்களுக்கு மூட்டுக்குள்ளேயே நலோக்சோன் போட்டபோது வலி கூடியது என்றால் பாருங்கள், உடம்பு சத்தமில்லாமல் எவ்வளவு தணித்துக்கொண்டிருந்திருக்கிறது! வீக்கம் இன்னும் வடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் பனை ஏறாதீர்கள்.