ஆல்டோவைக் கொடுத்து வேகன்-ஆர்: கார் சேலுக்குப் போகும் முன்

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்குத் தினமும் போய்வரும் ஆசிரியை நான். 2015ஆம் ஆண்டு ஆல்டோ ஒன்று இருக்கிறது. 2022இல் 36 இலட்சத்துக்கு லீசிங்கில் எடுத்தது. இன்னும் 4 இலட்சம் கட்ட வேண்டும். ஒரு கார் சேலில் (பழைய கார் வாங்கி விற்கும் இடம்) இதை 29 இலட்சத்துக்கு எடுத்துக்கொண்டு, 2017 வேகன்-ஆரை 72 இலட்சத்துக்குத் தருகிறார்களாம். லீசிங்கையும் அவர்களே முடிப்பார்களாம். ஓபன் பேப்பரில், அதாவது வாங்குபவரின் பெயர் நிரப்பாத கைமாற்றப் படிவத்தில், கையெழுத்து வைத்தால் போதுமாம். 36க்கு வாங்கியதை 29க்குக் கொடுக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: டீச்சர், அந்த 36ஐ மறந்துவிடுங்கள். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றபின் பழைய கார்களுக்கு ஏறிய விலை அது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களும் மறுபடி வரத் தொடங்கிவிட்டன. நீங்கள் என்ன கொடுத்து வாங்கினீர்கள் என்று இன்று யாரும் கேட்கப்போவதில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது 29ஐயும் அல்ல, 72ஐயும் அல்ல. மேலே போடும் 43 இலட்சத்தை. "சரி டீச்சர், உங்களுக்காக 31 தாறன்" என்று சொல்லி வேகன்-ஆரை 74 ஆக்கினாலும் அதே 43தான். ஆனால் நாம் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடுவோம்!

அதனால் ஆல்டோ பேச்சையே முதலில் எடுக்காதீர்கள். காசு கொடுத்து வாங்குவதாக வேகன்-ஆரின் கடைசி விலையைக் கேளுங்கள். 70½ என்றால், உங்கள் காருக்கு அவர் உண்மையில் போட்டிருப்பது 27½ தான். அப்புறம் இணைய விளம்பரங்களில் அதே ஆண்டு, கிட்டத்தட்ட அதே மைலேஜ் உள்ள ஆல்டோக்களைப் பாருங்கள். அங்கே இருப்பது கேட்கும் விலை, கைக்கு வரும் விலை அல்ல. கொஞ்சம் குறைத்தே கணக்குப் போடுங்கள். 32க்கு விற்கலாம் என்று தெரிந்தால், மேலே போடுவது 38½ ஆகிறது. 4½ இலட்சம் மிச்சம்! அவ்வளவு வித்தியாசம் என்றால் நானாக இருந்தால் நேரே விற்பேன். ஒரு இலட்சத்துக்குள் நின்றால் கார் சேலுக்கே கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் வீட்டுக்கு ஆள் வந்து பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போகும் தொல்லைக்கும் ஒரு விலை உண்டுதானே.

லீசிங் எந்த வழியிலும் உங்கள் தலையில்தான். அவர்கள் முடித்துத் தருவதென்றால் 29இல் 4 கழிந்து, 25தான் உங்கள் கணக்கில் நிற்கும். போகும் முன் லீசிங் கம்பனியிடம், இன்ன திகதியில் முடித்தால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். மிச்சத் தவணைகளைக் கூட்டி வரும் தொகையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வட்டியில் கழிவு உண்டா, முன்கூட்டி முடிக்கத் தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். கட்டி முடித்தாலும் சீ.ஆர். புத்தகத்தில் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) முழு உரிமையாளர் என்று கம்பனியின் பெயர்தான் இருக்கும். அதை நீக்கிய பிறகே நேரே விற்பது இலகு.

புது லீசிங்கையும் கார் சேல் சொல்லும் கம்பனியில்தான் போட வேண்டும் என்றில்லை. உங்கள் சம்பளம் போகும் வங்கியிலும் கேளுங்கள். வாகனப் பெறுமதியில் எவ்வளவு கடன் தரலாம் என்பதற்கு மத்திய வங்கி உச்ச வரம்பு வைத்திருக்கிறது, அது அவ்வப்போது மாறும். முற்பணத்தைத் தெரிந்துகொண்டே போங்கள்.

காருக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். உள்ளும் புறமும் கழுவி, எரியாத பல்புகளை மாற்றி, சேர்விஸ் பில்களையும் இரண்டாவது திறப்பையும் எடுத்து வைத்தால் போதும். நம் கரையோரக் காற்றுக்குக் கதவின் அடியில் கறள் பிடித்திருக்கும். அதை மறைக்கப் புதுப் பெயின்ட் அடிக்கப் போனால், எங்கோ அடிபட்ட கார் என்று நினைத்து இன்னும் விலையைக் குறைப்பார்கள். அப்படியே காட்டுங்கள்.

எனக்குப் பயமெல்லாம் அந்த ஓபன் பேப்பர்தான். நீங்கள் வைக்கும் வெற்றுக் கையெழுத்தோடு கார் பல கை மாறலாம். பெயர் மாற்றும்வரை பதிவில் நீங்கள்தான் உரிமையாளர். விபத்து நடந்தால் பொலிஸ் உங்களைத்தான் தேடி வரும். வாங்குபவரின் பெயரை நிரப்பாமல் கையெழுத்து வைக்காதீர்கள். காரைக் கொடுக்கும்போது திகதி, நேரம், செசி இலக்கம், அவரின் அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதிய கடிதத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கி, கைமாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நீங்களே அறிவித்துவிடுங்கள். இதற்கு மறுக்கும் கார் சேல் 31 தந்தாலும் வேண்டாம்.