பழைய சர்வருக்கு எந்த ஓஎஸ்? வாசகர் கேள்விகள்

டெல் பவர்எட்ஜ் ஆர்710, ஜியான் 5600 வரிசை பிராசசர். சென்ட்ஓஎஸ் 7 ஓடுது. ராக்கி லினக்ஸ் 10 போட்டுரலாமா அண்ணாச்சி?
– ஜவுளிக்கடை, பாளையங்கோட்டை

ஓடாது. 10-க்கு எக்ஸ்86-64 வி3 என்ற புதிய தலைமுறை பிராசசர் வேண்டும். ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத உங்கள் ஜியானில் பூட்டே ஆகாது. 9 வரை பிராசசரால் தொல்லையில்லை, டிஸ்க்குகளை இணைக்கும் ரெய்டு கார்டுதான் மறிக்கும். ‘எல்எஸ்பிசிஐ -என்என்’ கட்டளையில் 1000:0060 என்று வந்தால் அது பெர்க் 6/ஐ என்ற ரெய்டு கார்டு. ராக்கிக்கு மூலமான ரெட்ஹாட் லினக்ஸ் அதை 8-லேயே கைவிட்டது. 1000:0079 என்றால் எச்700. அதை 9-இல் கைவிட்டது. ராக்கியும் அதே வழிதான். இன்ஸ்டாலர் ஒழுங்காகத் தொடங்கும், டிஸ்க் பட்டியல் மட்டும் காலியாக இருக்கும். டிஸ்க் போச்சு என்று பதறி ரெய்டை அழித்துவிடாதீர்கள்.

எச்700 இருந்தால் ஆல்மாலினக்ஸ் 9. விட்டுப்போன டிரைவர்களை 9.4-இல் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். பெர்க் 6/ஐ இருந்தால் டெபியன் 12. நெட்வொர்க் கார்டுக்கு வேண்டிய ஃபர்ம்வேரும் அதன் இன்ஸ்டாலரிலேயே உண்டு. 2028 ஜூன் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். அதற்குமேல் இந்தப் பெட்டிக்குச் செலவழிக்க வேண்டாம்.

அழிக்காமல் சென்ட்ஓஎஸ் 7-ஐ அப்படியே 8-க்கு ஏற்ற முடியுமா? போஸ்ட்கிரெஸ் 9.2 டேட்டாபேஸில் பில்லிங் ஓடுகிறது.
– விசைத்தறி அலுவலகம், சங்கரன்கோவில்

ஆல்மாலினக்ஸின் எலிவேட் கருவி ஆல்மாலினக்ஸ் 8-க்கு ஏற்றும். ஆனால் சென்ட்ஓஎஸ் 7-இன் பழைய மிரர் முகவரி இப்போது கிடையாது. மென்பொருளை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் ரெப்போ கோப்புகளை முதலில் வால்ட் (பழைய பதிப்புகளின் காப்பகம்) முகவரிக்கு மாற்றுங்கள். நெட்வொர்க் கார்டுகள் ஈத்0, ஈத்1 என்ற பழைய பெயரில் இருந்தாலும் கருவி நின்றுவிடும்.

டேட்டாபேஸ்தான் பெரிய வேலை. 8-இல் இயல்பாக வருவது போஸ்ட்கிரெஸ் 10, 9.2-இன் டேட்டா டைரக்டரியை அது திறக்காது. ஏற்றும் முன்பே பிஜி_டம்ப்ஆல் கட்டளையால் முழு பேக்கப் எடுத்து, வேறொரு கணினியில் ஒருமுறை ரீஸ்டோர் செய்து பாருங்கள். ‘9.6-க்கு மாறிவிட்டு, டைரக்டரியை மட்டும் காப்பி செய்கிறேன்’ என்ற குறுக்குவழி வேண்டாம். 8-இல் உள்ள ஜிலிப்சி 2.28 (லினக்ஸின் அடிப்படை நூலகம்) எழுத்து வரிசை முறையை மாற்றிவிட்டது. பழைய இன்டெக்ஸ் (தேடல் அட்டவணை) புதிய வரிசைக்குப் பொருந்தாமல், பார்ட்டி பெயரைத் தேடினால் இருக்கிற கணக்கே ‘இல்லை’ என்று வரும். எரர் எதுவும் வராது என்பதுதான் ஆபத்து. அப்படிக் காப்பி செய்தே ஆகவேண்டுமென்றால் உடனே ரீஇன்டெக்ஸ் ஓட்டுங்கள்.

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-இல் டேலி. 2016 போதுமா?
– அரிசி ஆலை, கல்லிடைக்குறிச்சி

2016-க்கு ஆதரவு 2027 ஜனவரி 12-ஓடு முடிகிறது. 2019 போடுங்கள், 2029 ஜனவரி 9 வரை உண்டு, 2012 ஆர்2-இலிருந்து நேராக ஏற்றலாம். சர்வரைப் பயன்படுத்துவோருக்கான பழைய ‘கால்’ (CAL) லைசென்ஸ் 2019-க்குச் செல்லாது. ரிமோட் டெஸ்க்டாப்பில் டேலி திறப்பவர்களுக்குத் தனியாக ஆர்டிஎஸ் (ரிமோட் டெஸ்க்டாப்) ‘கால்’ லைசென்ஸும் வேண்டும். அது இல்லாமலே 120 நாள் ஓடும், பிறகு ஒருநாள் காலையில் யாராலும் உள்ளே போக முடியாது.

4 டிபி டிஸ்க் 2 டிபி என்றே காட்டுகிறது. எந்த ஓஎஸ் சரியாகக் காட்டும்?
– வள்ளியூர்

உங்களுடையது பெர்க் 6/ஐ கார்டு என்றால் எந்த ஓஎஸ்ஸும் காட்டாது. அந்தக் கார்டின் எல்லையே 2 டிபிதான். எச்700 வாங்கி மாற்றுங்கள். அதற்கேற்ற கேபிளையும் சேர்த்துக் கேளுங்கள்.