அண்ணாச்சி பதில்கள்: நாலு அங்குலம் பறந்த ராக்கெட்

பணகுடி வாசகர்: அண்ணாச்சி, மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட் என்ஜினைக் கட்டிப்போட்டுத்தானே எரித்துப் பார்க்கிறார்கள். அமெரிக்காக்காரன் ஆரம்ப காலத்தில் நேரே பறக்கவிட்டு மாட்டிக்கொண்டானாமே?

அவனும் கட்டிப்போட்டு எரித்தவன்தான் தம்பி, ஹன்ட்ஸ்வில்லில் அதற்கென்றே மேடை வைத்திருந்தான். ஆனால் கட்டிப்போட்டால் பிடிபடாத கோளாறும் உண்டு. 1960 நவம்பர் 21, கேப் கனாவரல். விண்வெளிக்கு ஆளனுப்பும் மெர்க்குரி திட்டத்தின் சோதனை ராக்கெட்டான மெர்க்குரி-ரெட்ஸ்டோன் 1, ஆள் உட்காரும் கூண்டை ஆளில்லாமல் சுமந்து நாலு அங்குலம் எழும்பியது, என்ஜின் அணைந்து மேடையிலேயே திரும்ப உட்கார்ந்துவிட்டது. கூத்து அப்புறம்தான். என்ஜின் நின்றுவிட்டது, சரி, மேலே வந்து சேர்ந்தாச்சு என்று கூண்டு நினைத்துக்கொண்டு, தலையில் இருந்த தப்பிக்கும் ராக்கெட்டை (ஆபத்தென்றால் கூண்டை இழுத்துக்கொண்டு ஓடுவது) கழற்றிவிட, அது மட்டும் வாணம் போல ஆயிரம் மீட்டருக்கு மேல் போய் விழுந்தது. உயரம் குறைவாக இருக்கவே இறங்கும் நேரம் என்று பாராசூட்டைத் தள்ளியது, அதில் பாரம் தெரியாததால் உபரி பாராசூட்டையும் தள்ளியது.

காரணம் வால் பக்கத்து இரண்டு பிளக். கட்டுப்பாட்டு பிளக் முதலில், மின்சார பிளக் அடுத்து கழற வேண்டும். அன்றைக்கு வரிசை மாறி, மின்சார பிளக்கோடு எர்த்தும் முதலில் போய்விட்டது, இடைவெளி 29 மில்லி செகண்டுதான். வயக்காட்டு மோட்டாரில் எர்த் போனால் கரண்டு போகக் கூடாத வழியில் போகுமே, அதே கதை, என்ஜினை அணைக்கும் ரிலே சுவிட்சில் பாய்ந்துவிட்டது. தரையை விட்டு எழும்பினால்தானே பிளக் கழறும், கட்டிப்போட்டவனுக்கு எப்படித் தெரியும்?

டேங்க் நிறைய எரிபொருளோடு ராக்கெட் நிற்கிறது, பாராசூட் தொங்குகிறது, காற்றடித்தால் சாய்த்துவிடும். துப்பாக்கியால் டேங்கில் ஓட்டை போடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது, நல்லவேளை கேட்கவில்லை. பேட்டரி தீரட்டும், திரவ ஆக்சிஜன் ஆவியாகட்டும் என்று விடியும்வரை காத்திருந்தார்கள். டிசம்பர் 19-இல் அதே கூண்டு வேறு ராக்கெட்டில் ஒழுங்காகப் போய் வந்தது.

அம்பாசமுத்திரம் வாசகர்: ராணுவ ராக்கெட் தோல்விகளையும் இப்படி வெளியே சொன்னார்களா?

தோல்வியைச் சொன்னார்கள், வேலையைச் சொல்லவில்லை. டிஸ்கவரர் என்று பேர் வைத்து அறிவியல் ஆராய்ச்சி என்றார்கள். உள்ளே நடந்தது கொரோனா (நம்மைப் படுத்திய கிருமி இல்லை), சோவியத் நாட்டைப் படமெடுக்கும் உளவு வேலை. எடுத்த பிலிமைப் பெட்டியில் வைத்துக் கீழே அனுப்ப வேண்டும்; முதல் 12 தடவையும் ஒரு பெட்டிகூடக் கைக்கு வரவில்லை. 13-ஆவது கடலில் கிடைத்தது, அதில் பிலிம் இல்லை. 1960 ஆகஸ்ட் 19-இல்தான், பாராசூட்டில் இறங்கிய 14-ஆவது பெட்டியை ஹவாய் பக்கம் ஒரு விமானம் நடுவானில் கொக்கி போட்டு இழுத்தது, மாங்காய் பறிக்கிற மாதிரி. யு-2 என்ற அமெரிக்க உளவு விமானங்கள் அதுவரை சோவியத் நாட்டின் மேல் பறந்து எடுத்த படமெல்லாம் சேர்ந்தும் பிடிக்காத அளவு நிலப்பரப்பு அந்த ஒரு பெட்டியில் இருந்தது. 1995 வரை மூச்சு விடவில்லை.