தத்துவம் கேள்வி-பதில்: தெருவில் தண்ணீர் நின்றால் மழை பெய்ததாகிவிடுமா?

"மழை பெய்தால் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும். இன்று நிற்கிறது. ஆகவே மழை பெய்திருக்கிறது." இந்த வாதம் தப்பு என்கிறார்கள் பயிற்சி வகுப்பில். மழை பெய்தது நிஜம்தானே?
- வாசகர், வேளச்சேரி

மழை பெய்திருக்கலாம். ஆனால் உங்கள் வாதம் அதை நிரூபிக்கவில்லை. குடிநீர்க் குழாய் உடைந்தாலும் தண்ணீர் நிற்கும், பாதாளச் சாக்கடை பொங்கினாலும் நிற்கும்.

சோதிக்கும் வழி சுலபம். சொற்களைக் கழற்றிவிட்டுக் கூட்டை மட்டும் பாருங்கள்: 'அ என்றால் ஆ. ஆ இருக்கிறது. ஆகவே அ.' அதே கூட்டில் வேறு சரக்கை வையுங்கள்: 'மயிலாப்பூரில் இருப்பவர் சென்னையில் இருப்பார். இவர் சென்னையில் இருக்கிறார். ஆகவே மயிலாப்பூரில் இருக்கிறார்.' திருவொற்றியூர்க்காரர் சிரிப்பார். முதல் இரண்டு கூற்றும் உண்மையாய் இருந்து முடிவு மட்டும் பொய்யாகும் உதாரணம் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் போதும், அந்தக் கூடு செல்லாது.

'மழை பெய்தது, ஆகவே தண்ணீர் நிற்கும்' என்பது செல்லும். 'தண்ணீர் நிற்கவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை' என்பதும் செல்லும். உங்களுடையது செல்லாது; 'மழை இல்லை, ஆகவே தண்ணீரும் இல்லை' என்பதும் அப்படியே. தேர்வில் காலை வாருவது இந்தக் கடைசி இரண்டும்தான். இன்னொன்று: கூடு செல்லும் என்பதால் முடிவு உண்மையாகிவிடாது. புது வடிகால் போட்டபின் 'மழை பெய்தால் தண்ணீர் நிற்கும்' என்பதே பொய்யாகிவிடுமே.

மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லித் தருவதும் இந்த வித்தைதான். 'இம்மலை நெருப்புடையது' என்பது பக்கம், அதாவது சாதிக்க வந்த கூற்று. 'புகை இருப்பதால்' என்பது ஏது, அதாவது காரணம். 'அடுக்களை போல' என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. சாதிக்க வந்த பொருள் இல்லாத இடத்திலும் காணப்படும் ஏது, அநைகாந்திகம் என்ற போலி ஏது வகையில் சேரும். உங்கள் தெருத் தண்ணீர் அந்த ரகம்.

"தேறணும்னு எழுதியிருந்தா படிக்காட்டியும் தேறுவேன், இல்லேன்னா படிச்சும் பிரயோஜனமில்லை" என்கிறான் மகன். என்ன சொல்லி மடக்குவது?
- வாசகி, பெரம்பூர்

கிரேக்கர்கள் இதற்குச் 'சோம்பேறி வாதம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அங்கே தேர்வுக்குப் பதில் நோய்: பிழைப்பதோ சாவதோ விதி என்றால் வைத்தியர் எதற்கு? இதை மறுத்தவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் கிரேக்கத் தத்துவஞானி கிரிசிப்பஸ். வேடிக்கை என்னவென்றால், எல்லாம் விதிப்படியே நடக்கிறது என்று நம்பியவர் அவர். 'வைத்தியரை அழைத்துப் பிழைப்பது' என்று சேர்த்தேதான் விதிக்கப்பட்டிருக்கும் என்றார்.

உங்கள் மகனின் வாக்கியத்தில் திருட்டுத்தனமாக நுழைந்த சொல் 'படிக்காட்டியும்'. விளைவுக்கெல்லாம் காரணம் உண்டு என்பது நியதிவாதம். அதில் படிப்பும் ஒரு காரணம். என்ன செய்தாலும் முடிவு மாறாது என்பது வேறு கட்சி, அதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும். அதை அவன் தரட்டும். குறளைத் துணைக்கு அழைத்தால் ஜாக்கிரதை: 620 முயற்சி ஊழையும் புறங்காணும் என்கிறது, 380 ஊழே முந்தும் என்கிறது. பையன் கெட்டிக்காரனாக இருந்தால் இரண்டாவதை எடுத்து நீட்டுவான்.

நாம் முடிவெடுக்கும் முன்பே மூளை எடுத்துவிடுகிறதாமே? அப்படியானால் விருப்பச் சுதந்திரம் பொய்தானா?
- வாசகர், அடையாறு

நீங்கள் கேள்விப்பட்டது 1983இல் வெளியான, மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் சோதனையாக இருக்கும். தோன்றும்போது கையை அசைக்க வேண்டும். அசைக்கும் எண்ணம் எப்போது வந்தது என்று சுழலும் புள்ளியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அசைவுக்குச் சுமார் 550 மில்லி வினாடி முன்பே மூளையின் மின் அலை ஏறத் தொடங்கியது. எண்ணம் வந்ததாகச் சொன்னதோ சுமார் 200 மில்லி வினாடி முன்புதான்.

அலை ஏறியதாலேயே முடிவும் ஆகிவிட்டது என்று கொள்வதில்தான் ஓட்டை. தற்செயலாக ஏறி இறங்கும் மூளைச் செயல்பாடு ஓர் எல்லையைத் தொடும்போதும் இதே வடிவ அலை வரக்கூடும் என்று 2012இல் ஆரோன் ஷுர்கர் குழு காட்டியது. அதோடு, காரணமே இல்லாமல் கையை அசைப்பதும், ஒரு மாதம் யோசித்து வீட்டுக்கடன் வாங்குவதும் ஒரே வகை முடிவு என்று யார் சொன்னது? சோதித்தது முதலாவதை மட்டும்தான்.