எலிசா ஹேவுட் மனம் திருந்தினாரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் பெண் எழுத்தாளர் எலிசா ஹேவுட்டின் ‘மிஸ் பெட்ஸி தாட்லெஸ்’ நாவலை வாசித்தேன். இளமையில் காமக்கதைகள் எழுதியவர் பிற்காலத்தில் மனம் திருந்தி இப்படி நீதி சொல்லும் நாவல் எழுதினார் என்கிறார்கள். அப்படியானால் அவருடைய பழைய கதைகளை விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

விட்டுவிடாதீர்கள். அந்த மனம் திருந்திய கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஹேவுட் பேனாவை நம்பிப் பிழைத்தவர். 1740இல் ரிச்சர்ட்சனின் ‘பமீலா’, கற்பைக் காத்துக்கொள்ளும் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கதை, சக்கைப்போடு போட்டதும் ஒழுக்கத்துக்குச் சந்தை வந்துவிட்டது. அடுத்த வருஷமே அதைக் கிண்டல் செய்து ‘ஆன்டி-பமீலா’ எழுதியவர், திருந்தியவரா?

அவருடைய முதல் நாவல் ‘லவ் இன் எக்ஸஸ்’ (1719-20). டெல்மான்ட் பிரபு மேல் அலோவிஸாவுக்கு ஆசை. பெண் வாய்விட்டுச் சொல்லக்கூடாதே, அதனால் பெயர் போடாமல் ஒரு கடிதம் அனுப்புகிறாள். எழுதியது அமீனா என்ற இன்னொரு பெண் என்று நினைத்து அவன் அமீனா பின்னால் போய்விடுகிறான். அத்தனை வில்லங்கமும் அங்கே ஆரம்பம். (மூன்றாம் பாகத்து இத்தாலிக் கதையில் கொஞ்சம் இழுவை உண்டு, சொல்லிவிடுகிறேன்.)

‘ஃபேன்டோமினா’வின் நாயகி இன்னும் கெட்டிக்காரி. காதலனுக்குச் சலித்துப்போகும் ஒவ்வொரு முறையும் வேறு வேஷம் கட்டிக்கொண்டு அவனிடமே போகிறாள்: பணிப்பெண்ணாக, விதவையாக, கடைசியில் முகமூடிக்காரியாக. பழைய காதலியாக ஒன்று, விதவையாக ஒன்று என்று அவனுக்கு இரண்டு கடிதம் போடுகிறாள். விதவைக்கு உருகி உருகிப் பதில் வருகிறது, பழையவளுக்குச் சாக்குப்போக்கு. இரண்டையும் பிரித்துப் படிப்பவள் அவளேதான்! முடிவில் அவளைப் பிரான்சில் ஒரு கன்னிமடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஊருக்காகப் போட்ட முடிவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஊர் அப்படியும் விடவில்லை. 1728இல் கவிஞர் அலெக்ஸாண்டர் போப் தன் ‘டன்சியட்’ என்ற அங்கதக் கவிதையில், பதிப்பாளர்கள் யார் அதிக உயரம் சிறுநீர் கழிப்பது என்று போட்டி போடுவதாக எழுதி, ஹேவுட்டை அதற்குப் பரிசாக நிறுத்தினார். கெட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சரி, பெட்ஸிக்கு வருவோம். அவள் ஆசையாக வளர்த்த அணிலைக் கணவன் மன்டன் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, கணப்படுப்பின் பளிங்கில் அடித்துக் கொல்கிறானே, அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். பின்னால் அவள் அவனை விட்டு வெளியேறவும் செய்கிறாள். அடங்கி நட என்று பாடம் நடத்த வந்தவர் இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும்?

முதலில் ‘ஃபேன்டோமினா’ படியுங்கள். சின்னக் கதைதான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.