வாசகர் கேள்வி–பதில்: தன்னைத் தானே கேலி செய்வது விமர்சனமாகுமா?

கேள்வி: ஒரு பையனைச் சுற்றி நான்கைந்து பெண்கள் மயங்கி நிற்கும் ‘ஹாரெம்’ காதல் மங்காக்களை, அதாவது ஜப்பானியப் படக்கதைகளைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். அவற்றுள் சில, இந்த வகையையே விமர்சிப்பவை என்று பெயர் பெற்றவை. வகையின் இன்பங்களையெல்லாம் வாரி வழங்கிக்கொண்டே அதே வகையை ஒரு கதை விமர்சிக்க முடியுமா, அல்லது அது வெறும் பாசாங்கா?
— பட்டப்படிப்பு மாணவி, மோக்கா, மொரீஷியஸ்

பதில்: முடியும். ஆனால் அப்படிப் பெயர் வாங்கிய கதைகளில் பெரும்பாலானவை அதைச் செய்யவில்லை என்பதே என் கருத்து. நாயகனைக் கேலி செய்வது இவ்வகையில் புதிதன்று. தகாஹாஷி ருமிகோ 1978-இல் தொடங்கிய ‘உருசெய் யாத்சுரா’வில், கண்ணில் படும் பெண்களையெல்லாம் துரத்தும் அதாரு, வேற்றுக்கிரகப் பெண் லம்மிடம் மின்னதிர்ச்சி வாங்கிக்கொண்டே இருக்கிறான். அகமாட்சு கென்னின் ‘லவ் ஹினா’வில் (1998–2001, 14 தொகுதிகள்), பெண்கள் விடுதிக்குப் பொறுப்பாளனாக வந்து சேரும் கெய்தாரோ குத்து வாங்காத அத்தியாயத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த அடிகளால் அவன் திருந்துவதுமில்லை, வாசகன் கூசுவதுமில்லை. பையன் அடி வாங்கிவிட்டான், கணக்குத் தீர்ந்தது என்ற நிம்மதியோடு அடுத்த வாரத்து மயக்கத்துக்கு நாமும் தயாராகிவிடுகிறோம். ஆகவே ஒரு கதை தன் வகையின் வழக்கங்களைக் கிண்டல் செய்கிறது என்பதாலேயே அது அவற்றை விமர்சிக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கிண்டலே வழக்கங்களுள் ஒன்று.

இதைத் தாண்டிச் சென்றதாக நான் கருதுவது வகாகி தமிகியின் ‘காமி நோமி ஸோ ஷிரு செகாய்’. கடவுளுக்கு மட்டுமே தெரிந்த உலகம் என்பது தலைப்பின் பொருள். 2008 முதல் 2014 வரை ‘ஷோனென் சண்டே’ வார இதழில் வெளிவந்து 26 தொகுதிகளாக நிறைந்த கதை. முடிவைச் சொல்லாமல் உங்கள் கேள்விக்கு விடையளிக்க இயலாது என்பதால், இன்னும் வாசிக்காதவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நாயகன் கெய்மா வகுப்பறையிலும் கைவிளையாட்டுக் கருவியைக் கீழே வைக்காதவன். திரையில் வரும் பெண்களைக் காதலிக்க வைக்கும் விளையாட்டுகளில் அவனை மிஞ்ச ஆளில்லை. நிஜப் பெண்களோ அவனுக்குக் குறைபாடுள்ள படைப்புகள். நரகத்திலிருந்து தப்பிய ஆவிகள் பெண்களின் மனத்தில் உள்ள வெறுமையில் ஒளிந்துகொள்கின்றன என்றும், அந்த வெறுமையைக் காதலால் நிரப்பினால் ஆவி வெளியேறும் என்றும் எல்சி என்ற குட்டிப் பிசாசு வந்து சொல்கிறாள். கெய்மா இந்த வேலையைக் கைவிட்டால் அவன் கழுத்து போய்விடும் என்பது ஒப்பந்தம். வேலை முடிந்ததும், காதலித்த பெண்ணின் நினைவிலிருந்து அந்தக் காதல் அழிக்கப்படுகிறது.

ஆசிரியரின் கூர்மை இந்த நினைவழிப்பில் இருக்கிறது. சாதாரண ஹாரெம் கதையில் ஒரு பெண்ணின் முறை முடிந்ததும் அவள் அழுததும் மனம் திறந்ததும் காற்றில் கரைந்துபோக, அடுத்தவளின் முறை தொடங்கிவிடும். தொடரை நீட்டிப்பதற்கான இந்த வசதியை நாம் கவனிப்பதேயில்லை. வகாகி அதை நரகத்தின் அலுவலக நடைமுறையாகவே ஆக்கிக் கண்ணெதிரே வைக்கிறார். தொடக்கத்தில் அது நகைச்சுவை. பின்னர், சில பெண்களுக்குள் தேவதைகள் குடியிருப்பதும், அவர்களிடம் நினைவு அழியவில்லை என்பதும் தெரியவரும்போது, இதுவரை கணக்கில் வராத செயல்களெல்லாம் அவனைத் தேடி வருகின்றன.

எல்லாவற்றிலும் மேலானது சிஹிரோவின் பகுதி. சிறப்பு அடையாளம் ஏதுமில்லாத வகுப்புத் தோழி அவள். நாயகியாகத் தகுதியற்ற, கூட்டத்தில் ஒருத்தி என்றே கெய்மா அவளை முதலில் எடைபோடுகிறான். பிறகு, தேவதை இவளிடம் இருக்கலாம் என்று தவறாகக் கணித்து அவளை நெருங்குகிறான். அவளோ எந்த ஆவியின் தூண்டுதலும் இல்லாமல், தன் சொந்த மனத்தால் அவனை விரும்புகிறாள். கணிப்பு பிழை என்று தெரிந்ததும், அவளை விலக்குவதற்காக நெஞ்சில் தைக்கும் சொற்களைச் சொல்லி அனுப்புகிறான். பள்ளி விழாவில் அவள் தன் குழுவோடு மேடையேறிப் பாடும்போது, அவன் ஒதுங்கியிருந்து அழுகிறான். அவளிடமிருந்து விரட்ட வேண்டிய ஆவியும் இல்லை, நினைவை அழித்துக் கறையைத் துடைக்கும் ஏற்பாடும் இல்லை. ஹாரெம் நாயகன் வழக்கமாகப் பெறும் சலுகைகள் அத்தனையும் அந்த இடத்தில் பறிபோகின்றன. கதை முடியும்போது அவன் தேவதைகளை ஏந்திய பெண்களை விடுத்து இவளைத்தான் தேர்கிறான்.

குறையும் உண்டு. கழுத்து போய்விடும் என்ற நிபந்தனை நாயகனுக்கு ஆயத்தமாக ஒரு மன்னிப்புச் சீட்டை எழுதிக் கொடுத்துவிடுகிறது. கடைசிப் பகுதியிலோ காலப் பயணச் சிக்கல்களுக்குத் தாராளமாக இடமளித்த ஆசிரியர், தேர்ந்தெடுக்கப்படாத பெண்களின் வலியைச் சில பக்கங்களில் முடித்துக்கொள்கிறார். அவர்களுக்கு இன்னும் பேச வாய்ப்பிருந்தால் விமர்சனம் முழுமையாகியிருக்கும். நம் மருதத் திணைப் புலவர்களுக்கு இந்த நுட்பம் தெரிந்திருந்தது. குறுந்தொகையின் 8-ஆம் பாடலில் ஆலங்குடி வங்கனார், பலரிடம் செல்லும் தலைவனை எடைபோடும் உரிமையைக் காதற்பரத்தையிடம் கொடுக்கிறார். எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசியவன், தன் வீட்டில் ‘கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை போல’ மனைவி விரும்பியதையெல்லாம் செய்கிறானாம். எதிரே நிற்பவள் கையைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடி பிம்பம்: ஹாரெம் நாயகர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வருணனையை நான் எங்கும் வாசித்ததில்லை.

கேள்வி: மெட்ரோவில் சீருடை அணிந்த மாணவர்கள் இந்தப் புத்தகங்களில் மூழ்கியிருப்பதைக் காண்கிறேன். ஒருவனுக்குப் பல பெண்கள் என்ற இந்தக் கற்பனை நம் இலக்கியத்துக்கு அந்நியமானது அல்லவா? அதை ஆய்வு செய்வானேன், ஒதுக்கிவிட்டால் போதாதா?
— தமிழாசிரியர், ரோஸ் ஹில்

பதில்: ஐயா, அந்நியமானது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான சீவக சிந்தாமணிக்கு மணநூல் என்றே ஒரு பெயர் உண்டு என்பது தாங்கள் வகுப்பில் சொல்லித் தருவதுதான். காந்தருவதத்தை முதல் இலக்கணை வரை எட்டுப் பெண்களைச் சீவகன் மணக்கிறான். ஒருத்தியை யாழிசையில் வெல்கிறான், பாம்பு தீண்டிய இன்னொருத்தியின் நஞ்சை இறக்குகிறான், ஆண்களையே காணமாட்டேன் என்றிருந்த சுரமஞ்சரியிடம் கிழவன் வேடத்தில் நுழைகிறான். நாயகிக்கு ஒரு குணம், அவளை அடைய ஓர் உத்தி என்ற இந்த அமைப்பை உங்கள் மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள், உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

எழுதியவர் திருத்தக்கதேவர் என்ற சமணத் துறவி. எனவே முதல் கேள்வி கேட்டவரின் ஐயம் இந்தக் காப்பியத்துக்கும் பொருந்தும். கடைசிப் பகுதியாக வரும் முத்தி இலம்பகத்தில், பொழிலில் ஓர் ஆண் குரங்கு ஊடிய தன் துணைக்குப் பலாப்பழத்தைக் கொடுக்க, தோட்டக் காவலன் அவற்றை விரட்டிப் பழத்தைப் பறித்துக்கொள்கிறான். பழத்தை இழந்த மந்தி, தன்னிடம் அரசை இழந்த கட்டியங்காரனைப் போன்றது, பறித்த காவலன் தன்னைப் போன்றவன், கைமாறும் அந்தப் பழமே போகத்தின் இன்பம் என்று சீவகன் எண்ணிப் பார்க்கிறான். அரசையும் மனைவியரையும் விட்டுத் துறவு பூணுகிறான். இன்பங்களை அனுபவித்தவனே அவற்றில் தன் பங்கைப் பறித்தவனின் பங்காகக் காண்பது, எக்காலத்துக்கும் உரிய விமர்சனம்தான்.

ஆனால் அது வாசகரிடம் சேர்ந்ததா என்பது வேறு. சோழ மன்னன் சிந்தாமணியின் இன்பச் சுவையில் திளைத்திருந்ததாகவும், அதைக் கண்டு வருந்திய அமைச்சர் சேக்கிழார் அடியார் வரலாற்றைப் பெரியபுராணமாகப் பாடியதாகவும் சைவ மரபு கூறுகிறது. சமயப் போட்டி கலந்த மரபுக் கதைதான் இது. என்றாலும் அது காட்டும் உண்மை நமக்கு வேண்டியது. அந்த மன்னன் மணங்களை எடுத்துக்கொண்டு முத்தியை விட்டுவிட்டான். கண்டனத்தைக் கடைசி இலம்பகத்துக்கு ஒத்திவைக்கும் எந்தக் கதைக்கும், மங்காவானாலும் காப்பியமானாலும், இந்த ஆபத்து உண்டு. உங்கள் மாணவர்களிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்குவதைவிட, எச்.எஸ்.சி. வகுப்பில் சிந்தாமணியை அதன் அருகில் வைத்து, மனைவியர் எண்மரும் எங்கே, எவ்வளவு பேசுகிறார்கள் என்று தேடச் சொல்வது பயனளிக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ‘குவின்டெசென்ஷியல் குவின்டப்லெட்ஸ்’, ‘வீ நெவர் லேர்ன்’ இரண்டும் முடிவை வேறு விதமாகக் கையாண்டனவே, அவை விமர்சனமாகாவா?
— வாசகர், கியூர்பிப்

பதில்: விமர்சனமாகா. நீங்கள் சொன்னவற்றுள் முதலாவதான ஹருபா நெகியின் கதை (2017–2020) திருமண நாளிலிருந்து தொடங்கி, ஒரே முகம் கொண்ட ஐந்து சகோதரிகளில் மணமகள் யார் என்பதை மறைத்து வைக்கிறது. இறுதியில் ஐவரும் மணப்பெண் உடையில் வரிசையாக நிற்க, பெயரைக்கூட மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவன் ஒவ்வொருத்தியையும் தவறில்லாமல் அடையாளம் காண்கிறான். அழகான காட்சி. ஐந்து பெண்களையும் தனித்தனி ஆட்களாக அறிந்துகொள்ள வேண்டும் என்று நாயகனிடம் அது கோருகிறது, அதுவே இவ்வகையில் பெரிய முன்னேற்றம். ஆயினும் யாருக்கும் அதிகம் வலிக்காமல் பார்த்துக்கொள்கிறது.

இரண்டாவதான ட்சுட்சுய் தாய்ஷியின் கதை ஒரு நாயகியோடு முடிந்த பின், மற்ற நால்வருக்கும் தனித்தனி முடிவுகளை வரைந்து கொடுத்தது. யாரும் தோற்கவில்லை, ஆகவே யாரும் தேர்ந்தெடுக்கப்படவும் இல்லை. கடைக்காரர் எல்லா வாடிக்கையாளரையும் திருப்திப்படுத்தி அனுப்பியதுபோல இருந்தது எனக்கு.

கேள்வி: பெண்ணைச் சுற்றி ஆண்கள் நிற்கும் கதைகளில் இந்த விமர்சனம் எளிதாக வருகிறதோ?
— வாசகி, போர்ட் லூயி

பதில்: ஹத்தோரி பிஸ்கோவின் ‘ஊரான் ஹைஸ்கூல் ஹோஸ்ட் கிளப்’ (2002–2010, 18 தொகுதிகள்) ஒன்றை வைத்துப் பார்த்தால் ஆம் என்றுதான் தோன்றுகிறது. உதவித்தொகையில் படிக்கும் ஹருஹி, 80 லட்சம் யென் மதிப்புள்ள பூச்சாடியை உடைத்துவிட்டு, அந்தக் கடனை அடைக்க, பணக்கார மாணவர்களின் உபசரிப்புக் குழுவில் ஆண் வேடத்தில் சேருகிறாள். அங்கே இளவரசன் ஒருவன், மௌனி ஒருவன், குழந்தைத்தனம் மாறாதவன் ஒருவன், குறும்பு இரட்டையர் என்று ஆளுக்கொரு பாத்திரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது; தேநீர் மேசையில் அமர்ந்திருக்கும் மாணவிகள் தங்கள் விருப்பத்துக்கேற்ற வகையைக் கேட்டுப் பெறுகிறார்கள். கணக்குப் புத்தகம் குழுவின் துணைத் தலைவன் கியோயாவின் கையில்.

மயக்கம் என்பது சரக்கு, அதைச் செய்து தருவது உழைப்பு, வாங்குபவர் எதிரே அமர்ந்திருக்கும் நாம் என்பதை இந்த அமைப்பு முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறது. கடைசி இலம்பகம் வரை காத்திருக்கவில்லை. ஹருஹிக்கு இந்த நாடகத்தில் ஈடுபாடு இல்லாததால், அவளுடைய சலிப்பான பார்வை வழியாகவே எல்லாவற்றையும் காண்கிறோம். ஆண் நாயகன் நடுவில் நிற்கும் கதைகளில் இப்படி விலகி நின்று பார்க்கும் கண் அபூர்வம். பிற்பகுதியில் ஹருஹியும் அந்த ‘இளவரசன்’ தமாகியும் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கியபின் கதை இனிய, வழக்கமான காதல் கதையாகிவிடுகிறது. அந்தப் பகுதியையும் விரும்பியே படித்தேன். உங்கள் கேள்விக்கு விடை தேடுவதானால், குழு வாடிக்கையாளர்களை வரவேற்றுக்கொண்டிருக்கும் தொடக்கத் தொகுதிகளை வாசியுங்கள்.